அருவருப்பு தெரிந்தவர்

மந்தாரக்குப்பத்தில் என் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அந்த அம்மாள் குடியிருந்தார். காலையில் பால் வாங்க இறங்கி வருவார். பக்கத்துக் கடையில் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக மூக்குக்குக் கொண்டு போவார். பிளாஸ்டிக் உறைக்கு மேல் என்ன தெரியப்போகிறது என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். நேற்றுப் பால் சிந்திய டிரேயைக் கழுவாமல் அதிலேயே இன்றைய பாக்கெட்டுகளை அடுக்கியிருக்கிறாய் என்று பதில் வந்தது. கடைக்காரர் அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணப் போய்விட்டார். டிரேயைக் கழுவவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

எங்கே போனாலும் அப்படித்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதற்கு முன் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார். கல்யாண வீட்டில் தண்ணீர்த் தம்ளரை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்துவிடுவார். பெண் வீட்டார் முகம் சுருங்குவதைக் கவனிக்க மாட்டார். என் கடைக்கு வந்தால், எதிரே கிடக்கும் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யார் யாரோ காய்ச்சலோடு உட்கார்ந்து எழுந்த நாற்காலி என்பார். அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘சீ’. மற்றவர்கள் ‘அப்படியா’ என்று சொல்லும் இடத்தில் அவர் ‘சீ’ என்பார்.

நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கத்திக்காரர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பல ஜில்லாக்காரர்களோடு கலந்து வாழ்ந்ததில் பேச்சில் சொந்த ஊர் வாடையே இல்லாமல் போயிருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்டாஃப்பம்மா. பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு ‘சீ’ சொல்லியிருப்பார். இப்போது அவர் இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தங்கை வீட்டோடு போய் இருந்து, அங்கேயே காலமாகிவிட்டார் என்று போனில்தான் தகவல் வந்தது.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்காது. இத்தனை அருவருப்புப் படுகிறவர் எப்படி நர்ஸாக இருந்திருக்க முடியும் என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். அவர் தொட்டுப் பார்த்த நோயாளிகளை நினைத்தால் பாவமாக இருக்கும்.

அவர் கணவர் மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மந்தாரக்குப்பத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவருக்கு வேண்டியதை நான்தான் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். படுக்கையில் கிடப்பவர் இருக்கும் வீடு எப்படி நாறும் என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகியவன் நான். அந்த வீட்டில் ஒரு வாடையும் இருக்காது. வெயிலில் காய்ந்த துணியின் மணம் மட்டும் இருக்கும். அவருக்குப் படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. ஒருநாள் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். உங்களுக்கு இதெல்லாம் அருவருப்பாக இல்லையா என்று.

“இருக்காம? தெனமும் கொமட்டுது. நாத்தம் தெரியாத நர்ஸ் இருக்கா பாருங்க தம்பி, அவகிட்டதான் பயப்படணும். புண்ணு அழுகறது அவளுக்குக் கடைசிலதான் தெரியும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கைகழுவினார். நான் கொடுத்த பையைத் தொட்டதற்காக.

கணவர் இறந்த மறு வருஷம் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. டவுன்ஷிப்பில் மரங்கள் விழுந்தன, கரண்ட் போனது, சீக்கிரமே வந்தும்விட்டது. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் தாழ்வான ஊர்களில் மட்டும் தண்ணீர் ஏறியது, இறங்கவில்லை. நெல் வயலும் வீடும் ஒரே மட்டமாகக் கிடந்தன. அப்படி மூழ்கிய ஓர் ஊரின் ஜனங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

புயலை நான் குறை சொல்ல மாட்டேன். வந்தது, போனது. அதற்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்தவர்களைத்தான் இன்றைக்கும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஒரு ரொட்டிப் பாக்கெட்டை ஏழெட்டுக் கைகள் சேர்ந்து கொடுக்கும். வாங்குகிறவள் தலைகுனிந்தால் நிமிரச் சொல்வார்கள். ஒருவருடைய முகம் படத்தில் சரியாக விழவில்லை என்று, வாங்கிக்கொண்டு போன பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, பாக்கெட்டைக் கையிலிருந்து வாங்கி மறுபடியும் கொடுத்ததை நானே பார்த்தேன். மருத்துவ உதவி என்று ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் பாதி மாத்திரைக்குத் தேதி முடிந்திருந்தது. இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் யாரோ பாதி குடித்திருந்தார்கள். என் வாயிலும் ‘சீ’ வந்துவிட்டது. அருவருப்பு என்பது ஸ்டாஃப்பம்மாவுக்கு மட்டும் உரியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில் ஃபாதர் பூசை முடிந்ததும் துணிமணி கேட்டு அறிவித்தார். கோயில் ஹாலில் மூட்டைகள் குவிந்தன. பிரித்து அடுக்கும் வேலைக்கு ஸ்டாஃப்பம்மா தானாகவே வந்தார். ஆச்சரியமாக இருந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு துணியாக எடுத்து, விரித்து, முகர்ந்தார். அக்குளில் மஞ்சள் பூத்த சட்டைகள். எலாஸ்டிக் போன உள்பாவாடைகள். மூத்திரம் காய்ந்த குழந்தை நிக்கர். கரப்பான் முட்டையோடு ஒரு கம்பளி. மாதவிலக்குக் கறை போகாத நைட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, ஹாலில் இருந்த எல்லோரும் பார்க்கும்படி, இதை நீங்கள் யாராவது கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டார். பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இல்லாதவர்களுக்கு எதுவானாலும் உதவும், கொடுக்கிற மனசைப் பார்க்கணும் என்று ஃபாதர் தணிந்த குரலில் சொன்னார்.

“மனச நான் பாக்கல, ஃபாதர். துணியத்தான் பாக்கறேன். நாறுது.”

ஒரு மூட்டையைக் கட்டிய சீலையை அவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது. டவுன்ஷிப்பில் வசதியான வீடு. என் ஆம்னி வண்டியில் அந்த மூட்டையை ஏற்றச் சொன்னார். வீட்டு வாசலில் இறங்கி, மணி அடித்து, வந்த அம்மாளின் கையிலேயே மூட்டையைக் கொடுத்தார். துவைக்கப் போட்டிருந்த அழுக்குத் துணியைத் தவறுதலாகக் கட்டி அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, துவைத்து வையுங்கள், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. அந்த அம்மாள் மூட்டையோடு உள்ளே போனார். மறுநாள் போனோம். துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டாஃப்பம்மா மேலாக ஒன்றை எடுத்து முகர்ந்தார். “ம்” என்றார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

துணியோடு ஸ்டாஃப்பம்மாவும் நானும் முகாமுக்குப் போனோம். அவருக்கு அதுதான் முதல்முறை. பள்ளிக்கூட வாசலிலேயே நாற்றம் அடித்தது. ஈரத் துணி, வாந்தி, கெட்டுப்போன உணவு, அதற்கெல்லாம் மேலே மலம். வகுப்பறைகளில் ஜனங்கள் பாயில்லாமல் வெறுந்தரையில் கிடந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஸ்டாஃப்பம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீ. மாட்டுத் தொழுவம் தேவல.”

எல்லோர் காதிலும் விழுந்தது. எனக்குக் கூசிப்போனது. சுவரில் சாய்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் புருஷன் கான்ட்ராக்ட் வேலைக்கு வெளியூர் போனவன், பாதை அறுந்து திரும்பி வர முடியாமல் இருந்தான். மூத்த மகன் அவள் பக்கத்தில் படுத்திருந்தான். அவள்தான் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னாள்.

“மாட்டுக்குத் தொழுவம் இருந்துச்சிங்க. அதும் தண்ணீல போயிடுச்சி. நீங்க மூக்கப் பொத்திகினு பாத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தீங்களா?”

ஸ்டாஃப்பம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. நேரே அவளிடம் போய்க் குனிந்து குழந்தையின் உதட்டைத் தொட்டார். உச்சந்தலையை விரலால் தடவினார். உடம்பில் நீர் வற்றிக் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பால் வருகிறதா என்று கேட்டார். இரண்டு நாளாக வற்றிவிட்டது என்றாள்.

“நீ தண்ணி குடிச்சியா?”

“குடிச்சா வெளிய போவணும்ங்க. எங்க போறது? பொம்பளைங்க எல்லாம் வாயக் கட்டிகினுதான் கெடக்கிறோம்.”

பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகள் முதல் நாளே நிரம்பி வழிந்துவிட்டன. சுற்றிலும் முழங்கால் தண்ணீர். ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் தொடாமல் கிடந்தார்கள். அத்தனை ரொட்டி வந்தது, பிஸ்கட் வந்தது, தண்ணீர்ப் பாட்டில் வந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். நாற்றம் அடித்தால் நாம் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்போம், முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்போம். அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வோம்.

குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை ஸ்பூனால் கொடுக்கக் காட்டிக்கொடுத்துவிட்டு, ஸ்டாஃப்பம்மா ஊர்ப் பொறுப்பில் இருந்த ஆளைத் தேடிப் போனார். கழிப்பறை சுத்தம் பண்ண ஆள் வரச் சொல்லியிருக்கிறது என்றார் அவர். எந்த ஆள் என்று ஸ்டாஃப்பம்மா கேட்டார். காலனி ஆட்கள்தான், வழக்கமாக அவர்கள்தானே என்றார். அந்தக் காலனிதான் முதலில் மூழ்கியது. அவர்கள் இன்னொரு கட்டடத்தில் இவர்களைப் போலவே ஈரத்தில் கிடந்தார்கள்.

“வீடு போனவங்களக் கூப்பிட்டுப் பீ அள்ளச் சொல்றீங்களா? சீ.”

அன்றைக்கு அவர் சொன்ன ‘சீ’க்களில் எனக்குச் சரியென்று பட்டது இதுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் மேடு ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் ஏறவில்லை. முகாமில் இருந்த ஆண்கள் சிலரும் நானும் கடப்பாரை, மம்மட்டியோடு நீளமாகக் குழி வெட்டினோம். உடைந்த பெஞ்சுப் பலகைகளைக் குறுக்கே போட்டோம். பிளீச்சிங் பவுடர் என் கடையிலிருந்து வந்தது. மறைப்புக்குத் தார்ப்பாய் கிடைக்கவில்லை. வாசலில் நிவாரணம் கொடுத்தவர்களின் ஃபிளெக்ஸ் பேனர்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஸ்டாஃப்பம்மா அதைக் காட்டினார். அவிழ்த்து வந்து மூங்கில் நட்டுக் கட்டினோம். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. பார்வைக்குச் சுத்தமாக இருந்தது.

சிறிது நேரத்தில் பெண்கள் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சொல்லத் தயங்கினார்கள். அஞ்சலைதான் சொன்னாள்.

“உள்ள குந்துனா அவுரு சிரிச்சிகினு பாக்குறாருங்க. ஒண்ணுமே வர மாட்டங்குது.”

பேனரில் பெரிதாக இருந்த முகம் ஒரு முந்திரி வியாபாரியுடையது. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெரிய கை. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு பல்தெரியச் சிரித்திருந்தார். ஸ்டாஃப்பம்மா கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். பேனர்களைத் திருப்பிக் கட்டினோம். முகங்கள் வெளிப்பக்கம் வந்தன. பெண்கள் நிம்மதியாகப் போய் வந்தார்கள். அன்று மாலை அஞ்சலை ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மறுநாள் குழந்தைக்குக் கொஞ்சம் பால் கிடைத்தது.

நாங்கள் தினமும் போனோம். குழிக்குச் சாம்பலும் பவுடரும் போடுவதை ஸ்டாஃப்பம்மா வேறு யாரிடமும் விடவில்லை. போடும்போது ஓங்கரிப்பார். கண்ணில் நீர் வரும். தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பி வருவார். முகாம் ஜனங்களுக்கு அவரிடம் பிரியம் எதுவும் வரவில்லை. வருமாறு அவர் நடந்துகொள்ளவும் இல்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்து ‘சீ’ என்பார். ஒரு பெண் அன்போடு டீ கொண்டுவந்து நீட்டியபோது தம்ளர் விளிம்பைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் அந்த டீயைத் தானும் குடிக்கவில்லை. ஓரமாகப் போய்க் கொட்டினாள்.

அந்த நிலையில்தான் முந்திரி வியாபாரி பிரியாணியோடு வந்தார்.

வேனில் இரண்டு பெரிய அண்டாக்கள். கூட வந்தவர்கள் கையில் எல்லாம் செல்போன். நாள்கணக்கில் ரொட்டியும் உப்புமாவும் தின்ற ஜனங்கள் வாசனை பிடித்தே எழுந்து வந்துவிட்டார்கள். பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. வியாபாரி தன் பேனரைத் தேடினார். வாசலில் இல்லை. யாரோ பின்பக்கம் கையைக் காட்ட, போய்ப் பார்த்தார். மேட்டின்மேல் அவரே சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் அவர் கன்னத்தருகே இருந்த திறப்பு வழியாகச் சொம்போடு உள்ளே போனாள்.

யார் செய்த வேலை இது என்று கேட்டார். முகம் கறுத்திருந்தது.

“நான்தான். இப்பக் கிழிச்சிடாதீங்க. உள்ள ஆள் இருக்கு.”

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். வியாபாரி பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் சாப்பாட்டைக் கொடுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தார். ஸ்டாஃப்பம்மாவும் பின்னாலேயே வந்தார். முதல் அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். ஆவி வந்தது. அவர் குனிந்து முகர்ந்தார்.

“ஊசிப்போச்சு. இதக் குடுக்கக் கூடாது.”

விடிகாலையில் இறக்கிய பிரியாணி என்றார் வியாபாரி. பாதை அறுந்து சுற்றி வந்ததில் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான், தானே அதைத்தான் தின்றுவிட்டு வருவதாகச் சொன்னார். அப்படியானால் இங்கே இவர்கள் முன்னால் ஒரு தட்டுச் சாப்பிடுங்கள் என்றார் ஸ்டாஃப்பம்மா. வயிறு நிறைந்திருக்கிறது என்று பதில் வந்தது. நான் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். பட்டை, கிராம்பு, நெய். அதற்கடியில் லேசான புளிப்பு இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. எனக்கே பசி.

வியாபாரி கரண்டியை எடுத்தார். செல்போன்கள் உயர்ந்தன. ஸ்டாஃப்பம்மா அண்டாவின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அது வேனின் பலகையிலிருந்து சரிந்து சேற்றில் கவிழ்ந்தது. யாரும் அசைவதற்குள் இரண்டாவதையும் தள்ளினார்.

சோறும் கறியும் முட்டையும் சேற்றில் பரவின. வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டன. அதுதான் பயமாக இருந்தது. வியாபாரி அவரைப் பைத்தியம் என்றார், இன்னும் எழுத முடியாததைச் சொன்னார், போலீசுக்குப் போவேன் என்றார். வேன் போய்விட்டது. நாய்கள் வந்தன.

அஞ்சலை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். நாயை விரட்டிவிட்டு, குவியலின் மேலாகக் கிடந்த ஒரு முட்டையை எடுத்தாள். அடிபம்பில் கழுவினாள். மூத்த மகனைக் கூப்பிட்டு, இரண்டாகப் பிட்டு, அவன் வாயில் வைத்தாள். வைக்கும்போது பையனைப் பார்க்கவில்லை. ஸ்டாஃப்பம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாஃப்பம்மா தடுக்க ஓரடி எடுத்து வைத்தார். அப்புறம் நின்றுவிட்டார். அவரால் அந்தப் பார்வையை விட்டு முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

“வண்டிய எடுங்க” என்றார் என்னிடம்.

வழியில் இறங்கிப் பருப்பும் முட்டையும் வாங்கினார். மாடியில் அவர் சமையலறைக்குள் அதுவரை யாரும் போனதில்லை. அன்றைக்கு என் மனைவி, கோயில் பெண்கள் இரண்டு பேர், நான், எல்லோரும் போனோம். சாம்பார் சாதம் ஆகியது, முட்டை வெந்தது. பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட்டோம்.

பாத்திரங்களை இறக்கி வைத்தோம். ஒருவரும் எழுந்து வரவில்லை. பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஸ்டாஃப்பம்மா கரண்டியோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அஞ்சலை தட்டோடு வந்தாள். தட்டை நீட்டவில்லை.

“நாங்களும் மோந்து பாத்துட்டுத்தான் துன்னணும்” என்றாள்.

முகாமே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டாஃப்பம்மா மூடியைத் திறந்து, பாத்திரத்தை அவள் பக்கம் சாய்த்தார். அஞ்சலை குனிந்து முகர்ந்தாள். அவசரமில்லாமல், இவர் செய்வது போலவே மூக்கை விடைத்து முகர்ந்தாள். எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. அவமானப்படுத்துவதற்காகத்தான் செய்தாள். எனக்கு அது புரிந்தது. ஆனால் ஸ்டாஃப்பம்மாவின் முகத்தில் அவமானம் எதுவும் தெரியவில்லை. சாதத்தை அடியிலிருந்து கிளறி, கரண்டியை அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோனார்.

“மேலாப்ல பாத்தா தெரியாது. அடியிலதான் மொதல்ல கெடும். நல்லாப் பாரு.”

அஞ்சலை கரண்டியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள். உப்புக் கம்மி என்றாள். தட்டை நீட்டினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். சோறு போட்டு முடிக்க வெகுநேரம் ஆனது. ஸ்டாஃப்பம்மா எல்லோருக்கும் பொறுமையாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

மறுநாள் ஃபாதர் என் கடைக்கு வந்தார். வியாபாரி அவரிடமும் ஊர்ப் பொறுப்பாளரிடமும் பேசியிருக்கிறார். கொடுக்க வருகிறவர்களை விரட்டினால் யார் வருவார்கள், அந்த அம்மாளைக் கொஞ்ச நாள் முகாமுக்குக் கூட்டிப் போகாதே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்குப் பிறகு இரண்டு வண்டிகள் வராமல் போயின. மாடிக்குப் போய்ச் சொன்னேன். ஸ்டாஃப்பம்மா கேட்டுக்கொண்டார்.

“சோறு பக்கம் நான் வரல. அத அவங்க பாத்துக்கட்டும். கக்கூஸ் என்னுது.”

அதில் யாரும் அவரோடு போட்டிக்கு வரவில்லை. தண்ணீர் வடியும்வரை அந்த மேட்டுக்கு மட்டும் போய் வந்தார். சாப்பாட்டு வண்டி வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முகாமில் வயிற்றுப்போக்கு பரவவில்லை. அதற்காக அவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள். கடைசி நாளில் ஒரு கூட்டம் போட்டு, உதவியவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். வியாபாரி முதல் வரிசையில் இருந்தார். பேனரில் இருந்த அதே சிரிப்பு. கைதட்டுகிற கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பாதிப்பேர்கூட இல்லை. வீட்டில் சேறு தள்ளப் போய்விட்டார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பின்பக்கம் போனேன்.

மேட்டில் ஸ்டாஃப்பம்மா தனியாகக் குழியை மூடிக்கொண்டிருந்தார். பேனர்களை அவிழ்த்துச் சுருட்டி ஒரு பக்கம் போட்டிருந்தார். நான் மம்மட்டியை வாங்கப் போனேன். அதற்குள் அஞ்சலை வந்துவிட்டாள். கைக்குழந்தையை மகனிடம் கொடுத்து நிழலில் உட்கார வைத்தாள். இன்னொரு மம்மட்டியை எடுத்து எதிர்ப்பக்கமிருந்து மண்ணை இழுத்துப் போட ஆரம்பித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மண் விழ விழ நாற்றம் கிளம்பி மேலே வந்தது. நான் ஓரமாக நின்று பவுடரைத் தூவினேன்.

குழி பாதி நிரம்பியிருக்கும். அஞ்சலை நிமிராமலேயே கேட்டாள்.

“அன்னிக்கு அந்தச் சோறு நெசமாவே கெட்டுத்தான் போயிருந்துச்சாங்க?”

ஸ்டாஃப்பம்மா மம்மட்டியை நிறுத்தினார்.

“ஒரு அண்டா கெட்டிருந்துச்சு.”

“இன்னொண்ணு?”

“மோந்து பாக்கல.”

அஞ்சலை நிமிர்ந்தாள். முன்பக்கத்தில் யாரோ மைக்கில் பேசுவது கேட்டது. ஸ்டாஃப்பம்மாவே சொன்னார்.

“அந்த ஆளு மேல அருவருப்பு. அவன் போட்டு நீங்க சாப்புடறத என்னால பாக்க முடியல.”

“பாக்க முடியலன்னா நீங்க அந்தாண்ட திரும்பிகினு இருந்திருக்கலாம்ங்க. அது எங்க சோறு. எம் புள்ள அன்னிக்குப் பூரா அழுதான்.”

அவள் குரல் உயரவில்லை. ஸ்டாஃப்பம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் பதில் இருக்கும் என்று நினைத்தேன். எப்போதும் இருக்கும்.

“ஆமா” என்றார்.

இரண்டு பேரும் மறுபடியும் மம்மட்டியோடு குனிந்தார்கள். மண் போட்டு முடித்தார்கள். குழி இருந்த இடம் நீளமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்குக் கரைந்து எல்லாம் மேலே வந்துவிடும், மிதித்துவிட்டால்தான் மண் உட்காரும் என்றாள் அஞ்சலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். ஸ்டாஃப்பம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஈர மண்ணில் அவருக்குக் கால் சறுக்கியது. அஞ்சலை கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அழுத்தி அழுத்தி, மண்ணை மிதித்துக்கொண்டு போனார்கள்.